உரியாவின் பெயர்

பட்டாசு ஆலையில் விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில் காரணம் என்று ஒரு வரி இருக்கும். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டது. அவ்வளவுதான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெயர் தெரியாத சின்ன விபத்துகள் எங்கள் மாவட்டத்தில் அநேகமாக எல்லா வருஷமும் உண்டு. ஒவ்வொன்றிலும் நிவாரணம் அறிவிப்பார்கள், உரிமையாளரைத் தேடுவார்கள், போர்மேனைக் கைது செய்வார்கள். கைதான போர்மேன் ஜாமீனில் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வாழ்கிறான் என்று யாரும் எழுதியதில்லை. என் பெரியப்பா அப்படி வந்தவர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சிவகாசிக்கு மேற்கே ஒரு சிறிய ஆலையில் அவர் போர்மேன். உரிமம் கொடுக்கும் அலுவலகத்தை வைத்து, நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று எங்கள் ஊரில் ஆலைகளைத் தரம் பிரித்துச் சொல்வார்கள். பெரியப்பாவின் ஆலை சின்ன லைசென்ஸ் ஆலைகளில் ஒன்று. பள்ளி விடுமுறையில் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மருந்து அறைக்குப் பக்கத்தில் போகவே விடமாட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சின்ன அறை, எதிரெதிரே கதவுகள், தரையில் ரப்பர் விரிப்பு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் மூன்றையும் கலந்து, சல்லடையில் கையால் மெதுவாகத் தேய்த்துச் சலிப்பார்கள். இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக்கூடாது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. முடித்துவிட்டு வெளியே வருகிறவர் தலைமுடி முதல் கால் நகம் வரை வெள்ளி பூசினதுபோல் இருப்பார். கண்ணும் பல்லும் மட்டும்தான் மனித நிறத்தில் தெரியும்.

அந்த ஆலையில் மருந்து கலக்கியவர் பக்கத்துத் தெருக்காரர். காளியம்மன் கோயில் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்கும் வீடு. பெரியப்பாவைவிட வயதில் இளையவர். அவர் மனைவி பெரியப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, தீபாவளி நெருங்கிய ஒரு காலையில், அந்த அறை வெடித்தது. முந்தின இரவு மழை. அதற்கும் முந்தின நாள் கலந்த மருந்து மீந்து கிடந்தது. அலுமினியமும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். மீந்த மருந்தை அன்றன்றே அழித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கவே கூடாது என்பது தொழிலில் இறங்கிய முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஆர்டர் லாரி மாலையில் வருவதாக இருந்தது. "அதையும் சேர்த்தே சலிச்சிரு" என்று பெரியப்பா சொன்னார். இது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த மனிதர் மட்டும் இறந்தார். பெரியப்பாவுக்கு இடது முன்கை வெந்தது.

இந்திய தண்டனைச் சட்டம் 286, 304-ஏ. வழக்கு சில வருஷம் நடந்தது. இறந்தவர் அறிவுரையை மீறி அஜாக்கிரதையாக வேலை பார்த்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதிட்டது. அதை மறுத்துச் சொல்ல உயிரோடிருந்த ஒரே ஆள் பெரியப்பா. அவர் வாய் திறக்கவில்லை. சாட்சியம் போதவில்லை என்று விடுதலை ஆனார். தீர்ப்பு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவர் தொடவில்லை.

அதற்குப் பிறகு பட்டாசு வேலைக்குப் போகவில்லை. ஒரு அச்சகத்தில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் எங்கள் சபையின் கோயிலுக்கு வருவார். ஆனால் நற்கருணைக்கு எழுந்து போகமாட்டார்.

எங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனை முறைமை தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். முதலில் சபை முழுவதும் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை சொல்லும். பிறகு குருவானவர் எழுந்து நின்று கடவுளின் மன்னிப்பைக் கூறுவார். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். அதன்பிறகு அப்பமும் திராட்சரசமும். பெரியப்பா அறிக்கையை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வார். ஐயர் மன்னிப்பைக் கூறும்போது தலையை இன்னும் கீழே கவிழ்த்துக்கொள்வார். பெரியம்மா பீடத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். வீட்டில் இரவு ஜெபத்தில் சங்கீதங்களை முறைவைத்து வாசிப்போம். 51-ஆம் சங்கீதம் அவர் முறையில் வந்தால் வேதாகமத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். தாவீது தன் குற்றத்துக்காக அழுது பாடியதாகச் சொல்லப்படும் சங்கீதம் அது. ஏன் தள்ளுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரட்சிப்பின் நிச்சயம் என்று எங்கள் சபைகளில் அடிக்கடி பேசுவார்கள். கோடைக்காலக் கன்வென்ஷன் கூட்டங்களில் பேசுகிறவர் மேடையிலிருந்து கேட்பார்: உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் உங்களுக்கு உண்டா, எந்த நாள், எந்த நேரம்? கையை உயர்த்தச் சொல்வார். எழுந்து சாட்சி சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு சுமை இறங்கியதாக, ஒரு வெளிச்சம் வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா இந்தக் கூட்டங்களிலிருந்து முன்னைவிட நொறுங்கித்தான் திரும்பினார். முன்வரிசையில் போய் முழந்தாளிட்டுப் பார்த்தார். உபவாசம் இருந்து பார்த்தார். வேளாங்கண்ணிக்குக்கூட ஒருமுறை போய்வந்தார், சி.எஸ்.ஐ.காரர் என்று யோசிக்காமல். ஒன்றும் இறங்கவில்லை. ஆகவே தனக்கு மன்னிப்பு இல்லை என்று முடிவு செய்துகொண்டார். உணர்வு வரவில்லையென்றால் மன்னிப்பும் வரவில்லை என்று ஒருவரை நம்பவைப்பதைவிடக் கொடுமையான போதனை எனக்குத் தெரியாது.

ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் கதையை அந்த மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில், தன் பாவம் நீங்கியது என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. எட்டு மாதம்கூட ஆகாமல் 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவனே அல்ல என்று அதே வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதினார் என்பதை எந்த மேடையிலும் கேட்டதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு எத்தனையோ ஆறுதலாக இருந்திருக்கும். நெஞ்சின் சூடு ஏறும், இறங்கும். வெஸ்லிக்கே அப்படி.

இப்படிப் பல வருஷம் ஓடியது. நான் படித்து முடித்து சிவகாசியிலேயே ஒரு அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரியப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு ஐயர் மாற்றலாகி வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், வயதானவர், ஓய்வு பெற ஒன்றிரண்டு வருஷமே இருந்தது. அதிகம் பேசமாட்டார்.

அவர் முதல்தடவை வந்தபோது சாய்வுநாற்காலியில் இருந்த பெரியப்பாவுக்கு நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கள் வட்டாரத்துக்குச் சுவிசேஷம் வந்த கதைக்குப் போயிற்று. ராக்லாந்து ஐயரைப் பற்றி எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்வரிசையில் தேறி, கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். 1854 முதல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு நண்பர்களோடு வடதிருநெல்வேலியின் இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றினார். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் இறந்தபோது அவருக்கு 43 வயது. அவர் கண்முன் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகக் கொஞ்சம்.

"நாலு வருஷம் வெயில்ல அலைஞ்சு பலன் எதையும் காங்காமப் போயிட்டாரு. அவருக்கு நிச்சயம் இருந்திருக்குமா?" என்றார் பெரியப்பா. தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஐயருக்குப் புரிந்துவிட்டது.

"பலனப் பார்த்து வர்ற நிச்சயமா இருந்தா முதல் வருஷமே கப்பலேறியிருப்பார்" என்றார் ஐயர்.

அப்புறம் பெரியப்பாவே ஆரம்பித்தார். எங்களிடம் ஒருநாளும் சொல்லாததை, நான் பக்கத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாமல், முழுவதும் சொன்னார். மழை, மீந்த மருந்து, லாரி, தான் சொன்ன வார்த்தை, கோர்ட்டில் வாய் மூடியிருந்தது. கடைசியில் கேட்டார்: "என்னைய மன்னிச்சாச்சுன்னு வச்சுக்கிடுவோம். அப்ப அவன்? அவன் செத்தது ஒண்ணுமில்லன்னு ஆயிராதா? நான் நற்கருணை வாங்கிட்டு நிம்மதியா இருந்தா, அவனுக்காக மனசுல ஒரு இடத்துல கூட நெருப்பு எரியாதே."

அன்றுதான் எனக்கு விளங்கியது. அவர் மன்னிப்பை நம்பாதவர் அல்ல. அதை வாங்கிக்கொள்வது இறந்தவனுக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தவர். குற்றவுணர்வு ஒன்றுதான் அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த கல்லறை. அதையும் இடித்துவிடக் கூடாது என்று காவல் இருந்தார்.

ஐயர் உடனே பதில் சொல்லவில்லை. வேதாகமத்தை எடுத்து 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்தார். வாசிக்காமல் கதையாகச் சொன்னார். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். அதை மறைக்க, உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் முன்னால் நிறுத்தும்படி தளபதிக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். அவனும் தன் சாவை எழுதிய காகிதத்தைத் தானே சுமந்துகொண்டு போனான்.

"நீங்க அப்படி வேணும்னு செய்யல. ஆனா உள்ள அனுப்பினது நீங்கதான். அத நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார் ஐயர். பெரியப்பா தலையை ஆட்டினார். அத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. உங்கள் மேல் தப்பில்லை, அவன் விதி, ஆண்டவர் சித்தம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தப்பில்லாத இடத்தில் மன்னிப்புக்கு வேலை ஏது?

பிறகு ஐயர் 12-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தைக் காட்டினார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து குற்றத்தை முகத்துக்கு நேரே வைக்கிறார். தாவீது பாவம் செய்தேன் என்கிறான். கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று நாத்தான் சொல்வதும் அதே வசனத்தில்தான். நடுவே உபவாசம் இல்லை, நாற்பது நாள் இல்லை, தாவீதுக்குள் எந்த உணர்வு வந்தது என்ற விசாரணை இல்லை. அறிக்கையும் மன்னிப்பும் ஒரே வசனத்தில் முடிகின்றன. அடுத்த வசனத்தில் அதன் விளைவுகள் தொடங்குகின்றன. பிள்ளை சாகிறது, வாள் அந்த வீட்டை விட்டு நீங்கவில்லை. மன்னித்ததால் விளைவு நிற்கவில்லை. விளைவு வந்ததால் மன்னிப்பு ரத்தாகவும் இல்லை.

"சரி, உரியா என்ன ஆனான்?" என்று பெரியப்பா விடவில்லை. எனக்கும் அதே கேள்வி இருந்தது. 51-ஆம் சங்கீதத்தில் தாவீது கடவுள் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்ததாகச் சொல்கிறான். உரியா அங்கே இல்லை. எனக்கு இன்றுவரை அந்த வரி நெருடுகிறது.

ஐயர் பக்கங்களைப் புரட்டினார். 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல், முப்பத்தேழு பேர். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனான உரியா. பிறகு புதிய ஏற்பாட்டின் முதல் பக்கம். மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதுகிறார். தாவீது சாலொமோனைப் பெற்றான் என்று சொல்ல வேண்டிய இடத்தில், தாயைப் பத்சேபாள் என்று சொல்லாமல், உரியாவின் மனைவி என்று எழுதுகிறார். ஆயிரம் வருஷம் கழிந்துவிட்டது. தாவீது மன்னிக்கப்பட்டுவிட்டான். ஆனாலும் உரியாவின் பெயர் அங்கே நிற்கிறது, இரட்சகரின் பிறப்புப் பட்டியலுக்குள்ளேயே.

"உங்கள மன்னிச்சா அவன் பேரு அழிஞ்சுரும்னு பயப்படுறீங்க. கர்த்தர் அழிக்க விடல பாருங்க. அந்தப் பேரக் காப்பாத்த நீங்க நரகத்துல உக்காந்திருக்க வேண்டாம்."

பெரியப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

அடுத்த வாரம் ஐயர் பழைய ஜெபப் புத்தகத்தோடு வந்தார். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின் வழிவந்த முறைமை. அதில் நோயாளியைச் சந்திக்கும் ஒழுங்கு என்று ஒரு பகுதி உண்டு. மனச்சாட்சியைப் பாரமான ஏதாவது ஒன்று அழுத்தினால் நோயாளி அதைத் தனியாக அறிக்கையிடலாம். அறிக்கையிட்டவருக்குக் குருவானவர் அவர் ஒருவரைப் பார்த்தே மன்னிப்பைக் கூறுவார். கத்தோலிக்கர்கள் மட்டுமே இப்படிச் செய்வார்கள் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். நம் புத்தகத்திலேயே இருக்கிறது, திறப்பார் இல்லை. ஐயர் அங்கியும் ஸ்டோலும் அணிந்துகொண்டார். பெரியப்பா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழந்தாளிட முயன்றார், மூச்சு வாங்கியது, நான் தாங்கிப் பிடித்தேன். ஐயர் அவர் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, மன்னிப்பைக் கூறினார். பிறகு அங்கேயே நற்கருணை. பெரியப்பா இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினார். வெந்த தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அப்பத் துண்டு வலது உள்ளங்கையில் ஒரு நொடி இருந்து வாய்க்குப் போயிற்று.

எப்படி இருந்தது என்று பெரியம்மா கேட்டார். "ஒண்ணும் தெரியல" என்றார். "தெரியாட்டியும் சொன்னது சொன்னதுதான்." அன்று இரவு ஜெபத்தில் 51-ஆம் சங்கீதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். எனக்குக் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஞாபகம் வந்தது, 1894-ல் வந்த நூல். ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையை அவர் தமிழில் காவியமாக்கியது. அதில் பயணி சிலுவையின் அடியில் நிற்கும்போது முதுகுச் சுமை தானாகவே கழன்று விழுகிறது. பயணி கயிற்றை அவிழ்ப்பதில்லை. ஆனால் அவன் பயணம் அந்த இடத்தில் முடிந்துவிடுவதும் இல்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இறந்தவரின் மனைவி வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா நின்றபடியே சொன்னார்: "தாயி, அன்னைக்கு அவன் மேல தப்பில்ல. பழைய மருந்த அழிச்சிருக்கணும். நான்தான் சலிக்கச் சொன்னேன். கோர்ட்லயும் சொல்லாம இருந்துட்டேன்."

அந்த அம்மாள் குழாய் உருட்டுவதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "அவரு அசட்டையா இருந்துதான் செத்தாருன்னு ஊரே பேசுச்சு அண்ணாச்சி. எம்மகன் அதக் கேட்டுத்தான் வளந்தான். எங்கிட்டச் சொல்லி என்ன, அவங்கிட்டச் சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பெரியப்பாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது சரி என்றே நினைக்கிறேன். கடவுளின் மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனிதரிடம் போய் நீயும் கொடு என்று நெருக்கும் கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா இறந்தபோது நடைபயின்றுகொண்டிருந்த மகன் அப்போது விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். பெரியப்பா பஸ் ஏறிப் போய், கடை வாசலில் மூட்டைகளுக்கு நடுவே நின்று, அதே வார்த்தைகளைச் சொன்னார். அவன் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவர் மேல் கோபமாக இருக்கிறான் என்று ஊரில் சொன்னார்கள். அந்த மாதங்களிலும் பெரியப்பா நற்கருணைக்குப் போய்க்கொண்டிருந்தார். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லியிருக்கிறதே என்று நான் கேட்டேன். "போய்ச் சொல்லுறது என் வேல. அத சொல்லியாச்சு. அவன் கோபம் நியாயம்யா. அது தீருற வரைக்கும் நான் வெளிய நிக்கணும்னு கர்த்தர் சொல்லலயே" என்றார்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உட்காரவில்லை. அன்றைக்கு எத்தனை கிலோ மருந்து இருந்தது என்று கேட்டான். எந்த ரகத்துக்குக் கலந்தது, எத்தனை மணிக்கு உள்ளே போனார், போகும்போது ஏதாவது சொன்னாரா, காலையில் சாப்பிட்டாரா, அப்பா உயரமா, இடதுகைப் பழக்கமா. பெரியப்பா தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். அடுத்த ஞாயிறும் வந்தான், இந்தமுறை தாயையும் கூட்டிக்கொண்டு. கேட்பதற்கு அவரிடமும் இருந்தது.